கடை யாரை நம்பிப் பிழைக்கிறது?

போன மாதம் என் அக்கா மகன் ஒரு நேர்காணலுக்காக முதல்முறையாகத் தனியாகச் சென்னைக்குக் கிளம்பினான். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுவதற்கு முன்னால் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், காபியைக் குடித்துக்கொண்டே கேட்டான்: "மாமா, நாலு நாள் தங்கணும். கையில காசு கம்மி. நல்ல சாப்பாட்டுக் கடையா நாலு பேரு சொல்லுங்க."

நான் ஒரு பேரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த சென்னைக் கடைகள் எல்லாம் பத்து வருஷத்துக்கு முந்தியவை. சமையல்காரர் மாறியிருப்பார், முதலாளி மகன் பொறுப்புக்கு வந்திருப்பான், கடையே செல்போன் கடையாகக்கூட ஆகியிருக்கும். பட்டியலுக்கு ஆயுசு கம்மி. கடையைப் பார்த்ததும் எடைபோடத் தெரிந்தால் அது எந்த ஊரிலும் செல்லும். அதைத்தான் அவனுக்கு ஒரு மணி நேரம் சொன்னேன். கொஞ்சம் நெளிந்தான், ஆனாலும் கேட்டான்.

சாப்பாட்டுக் கடை பற்றி எல்லாருக்கும் ஒரு கருத்து உண்டு. கூட்டம் இருந்தால் நல்ல கடை என்பார்கள். நாலு ஸ்டாருக்கு மேல் இருந்தால் தைரியமாகப் போகலாம் என்பார்கள். விலை கூடினால் தரம் கூடும், லாரி நிற்கிற இடத்தில் சாப்பிடு என்றும் சொல்வார்கள். எல்லாவற்றிலும் பாதி உண்மை இருக்கிறது. வயிறும் பர்ஸும் கெடுவது மீதிப் பாதியில்.

அல்வாவிலிருந்து தொடங்குவோம்

வெளியூர்க்காரர் ஒருவர் திருநெல்வேலி ஜங்ஷனில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கிறது. வீட்டில் அல்வா வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். சுற்றிலும் அல்வாக் கடைகள், பல பெயர்ப் பலகைகள் ஒன்றுபோலவே இருக்கின்றன. எது கண்ணில் முதலில் படுகிறதோ அதில் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு ஓடுகிறார்.

உள்ளூர்க்காரர் அப்படி வாங்க மாட்டார். அவருக்கென்று ஒரு கடை இருக்கும். டவுனில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் சாயங்காலம் மட்டும் திறக்கிற இருட்டுக்கடையாக இருக்கலாம், வீட்டுப் பக்கத்துத் தெருமுனைக் கடையாகவும் இருக்கலாம். அவருக்கு நாக்கு நீளம் என்பதால் வந்த வித்தியாசம் இல்லை இது. அல்வாவுக்குச் சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பாலெடுத்து, தெளியவைத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். நெய்யைக் குறைத்து வேறு எதையாவது ஊற்றினாலும் வாழையிலைத் துண்டில் வைத்துத் தரும்போது பளபளப்பு ஒன்றாகத்தான் இருக்கும். வித்தியாசம் தெரிவது தின்ற பிறகு. அதற்குள் வெளியூர்க்காரர் கோவில்பட்டியைத் தாண்டியிருப்பார். திரும்பி வந்து சண்டை போடவா போகிறார்?

உள்ளூர்க்காரர் அடுத்த வாரம் அதே கடை வாசலில் நின்று, "என்ன அண்ணாச்சி, போன தடவை வாங்கினது ஒரு மாதிரி வாடை அடிச்சுதே" என்று கேட்பார். இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் கடைக்காரர் பயப்படுகிறார். இதைச் சொல்ல மறுபடி வருகிறவரால்தான் முடியும்.

இப்படி ஒரே ஆள் அதே கடைக்குத் திரும்பத் திரும்ப வருவதை இந்தக் கட்டுரையில் மறுவரவு என்று சொல்லப்போகிறேன். மறுவரவை நம்பி நடக்கும் கடை ருசியைக் காப்பாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். வழிப்போக்கரை நம்பி நடக்கும் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதற்கு நல்ல இடமும் பெரிய போர்டும் இருந்தால் போதும். அங்கேயும் மனசாட்சியுள்ள முதலாளிகள் உண்டு. ஆனால் பசியோடு நிற்கும்போது யாருடைய மனசாட்சியையும் பரிசோதிக்க நமக்கு நேரம் கிடையாது.

ராத்திரி பஸ் நிற்கும் இடம்

இது இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் இரவுப் பேருந்தில் சென்னைக்குப் போக வேண்டும்.

ராத்திரி பதினொன்றரைக்குக் கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தைத் தட்டி, "வண்டி இருபது நிமிஷம் நிக்கும், சாப்பிடுறவங்க சாப்பிடலாம்" என்பார். இறங்கினால் ஸ்பீக்கரில் பாட்டு அலறும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஆறிப்போன தோசைகள். ஒருமுறை ஒரு தோசையும் ஒரு டீயும் வாங்கிவிட்டு நான் கொடுத்த காசுக்கு முருகன்குறிச்சியில் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட்டிருக்கலாம். டீக்கப் எங்கள் வீட்டு மருந்து மூடியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

கை கழுவப் போனபோது பக்கத்துச் சிறிய அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே எங்கள் டிரைவரும் கண்டக்டரும் உட்கார்ந்திருந்தார்கள். சூடான புரோட்டா, ஆவி பறக்கும் சால்னா, ஆளுக்கொரு ஆம்லெட். பரிமாறுகிற பையன் கேட்டுக் கேட்டு ஊற்றிக்கொண்டிருந்தான். காசு வாங்கிய மாதிரி தெரியவில்லை.

ஒரே அடுப்பு, ஒரே சமையல்காரர், சாப்பாடு மட்டும் இரண்டு விதம். காரணம் சுலபம்தான். அந்தக் கடைக்கு உண்மையான வாடிக்கையாளர் டிரைவர்தான். அவர் நாளைக்கும் வருவார், நாளன்றைக்கும் வருவார். பிடிக்காவிட்டால் அடுத்த கடையில் வண்டியை நிறுத்திவிடுவார். நாங்கள் நாற்பது பேரும் அவர் கொண்டுவந்து இறக்கிய சரக்கு.

"லாரி நிற்கிற கடையில் சாப்பிடு" என்ற பழைய பேச்சில் பாதி உண்மை இருப்பதும் இதனால்தான். லாரி டிரைவர் தன் காசில் சாப்பிடுகிறார், அதே சாலையில் திரும்பத் திரும்பப் போகிறார். அவர் நிறுத்துவதற்கு அர்த்தம் இருக்கிறது. ஆனால் வண்டி நிறுத்த இடமும், குளிக்கத் தொட்டித் தண்ணீரும், படுக்கக் கயிற்றுக் கட்டிலும் பார்த்துத்தான் பல சமயம் நிறுத்துவார். எனவே லாரியைப் பார்த்ததும் முழுசாக நம்பிவிடவும் வேண்டாம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கடைக்குள் நுழையும் முன் "இங்கே சாப்பாடு நல்லா இருக்குமா?" என்று யோசிப்பதைவிட "இந்தக் கடை யாரை நம்பிப் பிழைக்கிறது?" என்று யோசித்தால் பதில் சீக்கிரம் கிடைக்கும். முதல் கேள்விக்குச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், இரண்டாவதுக்கு வாசலில் இரண்டு நிமிஷம் நின்றாலே போதும்.

இலையில் வாடகையும் விழுகிறது

அடுத்து விலை. "விலை கூடினால் தரம் கூடும்" என்பது எங்கே தப்பாகிறது என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு.

கடையில் ஒருவர் சாப்பிட்டாலும் ஆயிரம் பேர் சாப்பிட்டாலும் மாறாத செலவுகள் உண்டு: வாடகை, மாதச் சம்பளம், ஏசி. இவற்றை நிலைச் செலவு என்பார்கள். வாடகையை மட்டும் எடுத்துக்கொள்வோம். மாதம் 1 லட்சம் ரூபாய் என்றால் நாளுக்குச் சுமார் 3,300 ரூபாய். அந்தக் கடையில் நாளுக்கு 100 பேர் சாப்பிட்டால் ஒவ்வொரு இலையிலும் 33 ரூபாய் வாடகையாக விழுகிறது. 400 பேர் சாப்பிட்டால் 8 ரூபாய்தான். சாம்பார் அதே சாம்பார்.

ஒரு மேசை ஒரு நாளில் எத்தனை முறை நிரம்பிக் காலியாகிறது என்பதற்கு மேசைச் சுழற்சி என்று பெயர். மத்தியானம் நம் முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றுகொண்டு, நாம் மோர் ஊற்றும்போதே நாற்காலியைப் பிடித்துக்கொள்கிற மெஸ்களைப் பார்த்திருப்பீர்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் சாப்பாடு மலிவாக இருப்பது அந்த அவசரத்தால்தான். மெத்தை நாற்காலியில் அரைமணி நேரம் கதைபேச விடுகிற கடை, அந்த அரைமணி நேரத்தையும் நமக்கு விற்கிறது. நேர்காணல் முடிந்து நண்பனோடு உட்கார்ந்து பேச வேண்டுமா, தாராளமாக வாங்குங்கள். பசிக்கு மட்டும் சாப்பிடுகிறவர் அதை ஏன் வாங்க வேண்டும்?

இதிலிருந்து ஒரு வழி கிடைக்கிறது. பெரிய நகரத்தில் பிரதான சாலையிலிருந்து ஒரு சந்து உள்ளே போனாலே வாடகை இறங்கும். சாலையில் போகிறவர் கண்ணில் படாததால், சந்துக்குள் இருக்கிற கடை வழிப்போக்கரை நம்ப முடியாது. விலாசம் தெரிந்து தேடி வருகிறவர்தான் அதற்குச் சோறு போடுகிறார். ஆக மலிவும் மறுவரவும் ஒரே சந்தில் சேர்ந்து குடியிருக்கின்றன. எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் எதிரில் தெரிகிற முதல் கடையில் உட்காராமல் பத்து நிமிஷம் நடக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மெனு அட்டையையும் இதே கண்ணோடு பாருங்கள். பத்துப் பன்னிரண்டு அயிட்டம் உள்ள கடையில் ஒவ்வொன்றும் அன்றன்றைக்குத் தீர்ந்துவிடும். தோசையில் தொடங்கி நூடுல்ஸ் வழியாகத் தந்தூரி வரை இருநூறு அயிட்டம் போட்டிருந்தால், அதில் பெரும்பங்கு ஃபிரிட்ஜில் உங்களுக்காகக் காத்துக்கிடக்கிறது. என்னைக் கேட்டால், "மீன் தீர்ந்துபோச்சு சார்" என்று ஒரு மணிக்கே கைவிரிக்கிற கடைபோல நம்பிக்கை தருவது வேறெதுவும் இல்லை.

மூன்று வகை நட்சத்திரம்

"அது நாலு ஸ்டார் கடை மாமா" என்றான் பையன். எந்த ஸ்டார் என்று கேட்டேன். முழித்தான்.

மூன்று ஸ்டார்களை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது, தங்கும் விடுதிகளுக்கு மத்திய சுற்றுலா அமைச்சகம் தரும் தரவரிசை. அறை, வசதி, சேவை இவற்றைப் பார்த்துக் கொடுப்பது அது. ஐந்து நட்சத்திர ஓட்டல் என்றால் ரசத்துக்கு ஐந்து நட்சத்திரம் என்று அர்த்தம் இல்லை. இரண்டாவது, மிச்செலின் என்ற பிரெஞ்சு டயர் கம்பெனி தருவது. 1900ல் கார் ஓட்டுகிறவர்களுக்காக வழிகாட்டி ஒன்றை வெளியிடத் தொடங்கி, பிறகு அடையாளம் சொல்லாமல் போய்ச் சாப்பிட்டுப் பார்க்கும் ஆய்வாளர்களை வைத்து உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்தார்கள். மூன்றாவதுதான் உங்கள் போனில் கூகுள் மேப்பில் தெரிவது. போனவர் வந்தவர் போட்ட மதிப்பெண்களின் சராசரி அது. சராசரி என்றால் எல்லா மதிப்பெண்ணையும் கூட்டி, போட்டவர் எண்ணிக்கையால் வகுப்பது.

சராசரிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, உள்ளே இருப்பதை மறைத்துவிடும். ஒரு கடைக்கு நூறு பேரும் 3 போட்டிருக்கிறார்கள். இன்னொரு கடைக்கு ஐம்பது பேர் 5, ஐம்பது பேர் 1. இரண்டுக்கும் சராசரி 3தான். முதல் கடை சோறும் தண்ணீருமாக இருக்கும். இரண்டாவது கடையில் ஏதோ நடக்கிறது. அந்த 1 போட்டவர்கள் எதற்காகப் போட்டார்கள் என்று படித்துப் பார்த்தால் பாதி ரகசியம் வெளியே வந்துவிடும். "பார்க்கிங் இல்லை", "ஏசி இல்லை", "உட்காரவே விடவில்லை", "கார்டு வாங்க மாட்டேன் என்கிறார்கள்" என்று திட்டியிருந்தால், குறைந்த செலவில் நல்ல சாப்பாடு தேடுகிற நமக்கு அதெல்லாம் சிபாரிசுக் கடிதம். "பழைய கறி", "வயிறு கெட்டது" என்று இரண்டு மூன்று பேர் சமீபத்தில் எழுதியிருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மதிப்பெண் போட்டது யார் என்பதும் முக்கியம். ஸ்டேஷன் எதிரில் உள்ள கடைக்குப் பத்தாயிரம் பேர் போட்டிருப்பார்கள். ரயிலிலிருந்து இறங்கிய பசியில் எந்த இட்லியும் தேவாமிர்தம்தான். தினமும் சாப்பிடுகிறவரோ மதிப்பெண் போடுவதே இல்லை. பாளையங்கோட்டையில் நான் இருபது வருஷமாகக் காபி குடிக்கிற கடைக்கு இன்றுவரை ஒரு ஸ்டார்கூடப் போட்டதில்லை. போட வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. இப்படி எண்ணிக்கைக்குள் வருகிறவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைத் தேர்வுச் சாய்வு என்பார்கள். மேப்பில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் வழிப்போக்கர்களின் தீர்ப்பு.

தேடல் முடிவில் முதலில் வருவது முதல்தரமான கடை என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். தேடிய சொல்லுக்குப் பொருத்தம், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து தூரம், எவ்வளவு பிரபலம் என்ற மூன்றை வைத்து வரிசைப்படுத்துவதாகக் கூகுளே சொல்கிறது. காசு கொடுத்துப் போட்ட விளம்பரமும் மேலே வந்து உட்காரும், பக்கத்தில் பொடி எழுத்தில் அதைக் குறிப்பிட்டிருப்பார்கள். ஆகவே "சிறந்த ரெஸ்டாரண்ட்" என்று தேடாதீர்கள். "மீன் குழம்புச் சாப்பாடு", "அடை அவியல்" என்று பண்டத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அப்புறம் ஸ்டாரை விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்கள் எடுத்துப்போட்ட படங்களைப் பாருங்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பது யார், சுவரில் விலைப்பலகை என்ன சொல்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும்.

சுருக்கமாக: மேப் ஸ்டார் என்பது பலர் போட்ட சராசரி. அதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, எண்ணிக்கை, சமீபத்திய தேதி, திட்டியதற்குக் காரணம், படங்கள் ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

எந்தக் கூட்டம்?

கூட்டம் இருந்தால் சரக்கு சீக்கிரம் தீரும், பழசு மிஞ்சாது. அந்த அளவுக்குக் கூட்டம் நல்லதுதான். ஆனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் அலுவலகக்காரர்களும், டெலிவரிப் பையன்களும், ஆட்டோக்காரர்களும் கலந்து நிற்கும் கூட்டம் வேறு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோவைப் பார்த்துவிட்டுப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் கூட்டம் வேறு. முதல் கூட்டம் நாளைக்கும் அதே இடத்தில் இருக்கும். இரண்டாவது கூட்டத்துக்கு அடுத்த வாரம் வேறு கடை.

குற்றாலம் சீசனில் நாம் இதைப் பார்த்ததில்லையா? ஜூன், ஜூலையில் அருவிப் பக்கம் எல்லாக் கடையிலும் கூட்டம்தான். தென்காசிக்காரர்கள் அந்த மாதங்களில் எங்கே சாப்பிடுகிறார்கள், மார்ச் மாதத்தில் எந்தக் கடையில் ஆள் இருக்கிறது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

கேட்கத் தெரிய வேண்டும்

யாரிடமும் "நல்ல ஓட்டல் எது?" என்று கேட்காதீர்கள். கேட்டால், விருந்தாளியிடம் சொல்லக் கௌரவமான பெயராக ஒன்றைச் சொல்வார்கள். பெரிய போர்டு, ஏசி, குடும்பத்தோடு போகும் இடம். பொய் சொல்வதில்லை, கேள்விக்கேற்ற பதில் அது. "நீங்க மத்தியானம் எங்க சாப்பிடுவீங்க?" என்று கேட்டால் வேறொரு ஊரே தெரியவரும். லாட்ஜ் கவுண்டரில் கேட்பதையும் நான் தவிர்ப்பேன். ஏதாவது ஒரு கடைக்கு ஆள் அனுப்பினால் அவருக்கு எதுவும் கிடைக்குமோ என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு.

திருநெல்வேலிக்காரர்களுக்குச் சென்னையில் ஒரு தனி வசதி இருக்கிறது. மளிகைக்கடைக்கே அங்கே அண்ணாச்சி கடை என்றுதான் பெயர். நம் பக்கத்திலிருந்தும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்தும் போய்க் கடை வைத்தவர்களால் வந்த பேச்சு அது. அந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன சமைக்கிறார்கள், எந்த மெஸ்ஸுக்கு என்ன அரிசி போகிறது, எவன் பாமாயில் டின்னாக வாங்குகிறான் என்பதெல்லாம் அண்ணாச்சிக்கு அத்துப்படி. சரக்கு போடுகிறவர் அவர்தானே.

என் மருமகன் இதை நம்பாமல்தான் போனான். இரண்டாம் நாள் போன் வந்தது.

"மாமா, தண்ணிப் பாட்டில் வாங்கப் போனேன். அண்ணாச்சி பேச்சை வச்சே கண்டுபிடிச்சிட்டாரு. 'தம்பி எந்த ஊரு?'ன்னாரு. பாளையங்கோட்டைன்னேன். 'பாளையங்கோட்டையில எங்க?'ன்னாரு. சமாதானபுரம்னேன். அவருக்குத் திசையன்விளைப் பக்கமாம். சாப்பாடு எங்கன்னு கேட்டதுக்கு, 'கடைக்குப் பேரெல்லாம் கிடையாதுடே, அடுத்த சந்துல மாடிப்படி ஏறு. பன்னிரண்டரைக்கு முன்னால போயிரு, மீன்கொழம்பு தீந்துரும்'னாரு."

"போனியா?"

"போனேன். தொண்ணூறு ரூவா. கொழம்பு ரெண்டாவது தடவையும் ஊத்துனாங்க. ஆனா உட்காந்து பத்து நிமிஷத்துல எந்திரிக்க வச்சிட்டாங்க மாமா."

மேசைச் சுழற்சி என்றேன். சிரித்தான்.

சுவாரஸ்யம் எங்கே இருக்கிறது?

மலிவாகவும் நன்றாகவும் இருந்தால் மட்டும் போதுமா? அவ்வளவு தூரம் போய்விட்டு அங்கேயும் புரோட்டா சால்னாவைத் தேடி அலைந்து, "நம்ம ஊரு மாதிரி இல்ல" என்று அலுத்துக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். பெரிய நகரத்தின் சுவாரஸ்யமே அங்கே வந்து சேர்ந்தவர்கள் கூடக் கொண்டுவந்த சாப்பாட்டில்தான் இருக்கிறது. ஒரு கூட்டம் ஓரிடத்தில் குடியேறினால், முதலில் தங்களுக்காகச் சமைத்துக்கொள்ளும். அந்தக் கடைக்கு வருகிறவர்கள் அந்தப் பண்டத்தைப் பாட்டி கையால் தின்றவர்கள். ஏமாற்ற முடியாது. மறுவரவு அங்கே பலமாக இருக்கும்.

சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் சாயங்காலத்தில் தள்ளுவண்டிகளில் விற்கும் அத்தோ இதற்கு நல்ல உதாரணம். 1962ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு கடைகளும் தொழில்களும் அரசுடைமையாகி, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் பலர் கையில் கிடைத்ததோடு கப்பலேறித் திரும்பினார்கள். அவர்கள் வைத்த கடைகளால்தான் பர்மா பஜார் என்ற பெயரே வந்தது. அத்தோ என்பது நூடுல்ஸ்தான். ஆனால் அடுப்பில் வதக்குவதில்லை. அவித்த நூடுல்ஸில் துருவிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப். பையன் மூன்றாம் நாள் போய்ச் சாப்பிட்டுவிட்டு, "கல்யாண வீட்டுல கடைசிப் பந்தில மிஞ்சினதை எல்லாம் சேத்துப் பிசைஞ்ச மாதிரி இருந்துச்சு, ஆனா நல்லா இருந்துச்சு" என்றான். இதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

சௌகார்பேட்டைத் தங்கசாலைப் பக்கம் போனால் மார்வாடி, குஜராத்திக் குடும்பங்களுக்காகவே நடக்கும் சாட், கச்சோரிக் கடைகள். திருவல்லிக்கேணியில் மேன்ஷன் அறைகளில் தங்கும் பேச்சிலர்களை நம்பிப் பிழைக்கும் மெஸ்கள். அதே திருவல்லிக்கேணியில் 1948லிருந்து நடக்கும் ரத்னா கஃபேயில் இட்லி முழுகும்வரை சாம்பார் ஊற்றுவார்கள். இப்போது அதற்கு வெளியூர்க் கூட்டமும் வருகிறது, ஆனாலும் காலையில் உள்ளூர்க்காரர்கள் வருவது நிற்கவில்லை. பழைய பெயர் என்பதற்காகவே ஒரு கடையை ஒதுக்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சென்னைக்காரர் திருநெல்வேலிக்கு வந்தாலும் இதே கணக்குதான். கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில் தேங்காய்ப்பாலில் செய்யும் சொதியையும் இஞ்சிப் பச்சடியையும், எள்ளுத் துவையலோடு உளுந்தஞ்சோற்றையும் தேட வேண்டும். இங்கே வந்தும் ஃபிரைட் ரைஸ் கேட்டால் நாம் என்ன செய்ய?

பில் வந்த பிறகு

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தனியாக நடக்கும் உணவகங்களில் ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஒருநாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள விடுதிகளுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவீதம். காம்போசிஷன் என்ற எளிய வரித்திட்டத்தில் இருக்கும் சிறிய கடைகள் உங்களிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. சர்வீஸ் சார்ஜ் என்பது அரசு வரி அல்ல. அதை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாம், கூச்சப்பட வேண்டாம். ஆனால் உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் தண்ணீர்ப் பாட்டிலை எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம் என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே அங்கே சண்டை போடாமல் சாதாரணத் தண்ணீர் கேளுங்கள், அல்லது அண்ணாச்சி கடையில் வாங்கிக்கொண்டு போங்கள். பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும்.

டெலிவரி ஆப்பில் தெரியும் விலையும் கடையில் உள்ள விலையும் பல இடங்களில் ஒன்றாக இருக்காது. ஆப் கம்பெனிக்குப் போகும் கமிஷன் எங்கிருந்தாவது வர வேண்டுமே. கால் நடக்கும் வரை கடைக்கே போய்விடுவது மேல். பார்சல் சாப்பாட்டில் மட்டும் ஒரு லாபம் உண்டு. பல மெஸ்களில் ஒரு பார்சலில் இரண்டு பேர் சாப்பிடும் அளவுக்குச் சோறு வைப்பார்கள். காசு ரொம்பவே தட்டினால் அம்மா உணவகம் இருக்கிறது, 2013ல் தொடங்கியபோது இட்லிக்கு வைத்த விலை ஒரு ரூபாய்.

இதெல்லாம் வேண்டாம் என்கிற நாள்

சந்துக்கடை, மாடிப்படி, பத்து நிமிஷத்தில் எழுந்திருப்பது எல்லாம் தனியாகப் போகிற இளவட்டங்களுக்குச் சரி. ராத்திரி பத்து மணிக்கு ஊர் போய்ச் சேர்ந்தால், கைக்குழந்தை இருந்தால், வயிறு சரியில்லாவிட்டால், வாசலில் பெரிய போர்டு மாட்டிய பல கிளைக் கடைதான் உத்தமம். அங்கே எதுவும் பிரமாதமாக இருக்காது, மோசமாகவும் இருக்காது. எல்லாக் கிளையிலும் ஒரே மாதிரி இருக்கும் என்பதற்குத்தான் கூடுதல் காசு.

போன வருஷம் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்காகச் சென்னைக்குக் கூட்டிப்போனேன். வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த வித்தையை எல்லாம் காட்டி, விசாரித்து, ஒரு சந்துக்குள் அருமையான மெஸ் கண்டுபிடித்து வைத்திருந்தேன். படியைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டாள். மெயின் ரோட்டுக்கே திரும்பி வந்து, ஏசி போட்ட பெரிய ஓட்டலில் உட்கார்ந்தோம். இட்லி ரப்பர் மாதிரி இருந்தது, காபியில் டிகாக்ஷனைத் தேட வேண்டியிருந்தது, பில் முந்நூற்றுச் சொச்சம். கை கழுவப் போன அம்மா வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"காபி நல்லால்ல. ஆனா பாத்ரூம் அம்புட்டு சுத்தமா இருக்குடே. ராத்திரிக்கும் இங்கேயே வருவோம்."

ராத்திரிக்கும் அங்கேயேதான் போனோம்.